சத்தமில்லாமல் ஒரு வேலை

பின்கதவுப் பூட்டு வாயைப் பிளந்ததும் பஞ்சுவுக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது. கம்பியை நுழைத்தான், ஒரு திருப்புத் திருப்பினான், அவ்வளவுதான். பூட்டில் கீறல்கூட விழவில்லை. அவன் காலெடுத்து வைத்தால் தரைக்கே தெரியாது. தொழில் வட்டாரத்தில் 'பஞ்சு' என்ற பெயர் வந்ததே அதனால்தான்.

ஆனால் இந்த வீட்டில் அவ்வளவு பதவிசாக நடக்கத் தேவையே இல்லை. நட்டநடு வெயில். மொட்டைமாடி முழுக்க சோலார் பலகைகள். பின்னறைச் சுவரில் மாட்டியிருந்த இன்வெர்ட்டர், கல் சிக்கிய மாவு மில் மாதிரி அலறிக்கொண்டிருந்தது. பீரோவை உருட்டிக்கொண்டு போனாலும் ஒருவர் காதிலும் விழாது.

"வந்துட்டியா தம்பி?"

பஞ்சு துள்ளித் திரும்பினான். அவன் திறந்துவைத்த கதவில் ஓர் அம்மாள் நின்றிருந்தாள். வீட்டு நைட்டி, அள்ளிச் செருகிய கொண்டை, ரப்பர் செருப்பு, கையில் ஓர் அட்டைப் பெட்டி. காலையில் குடும்பமே பெட்டி படுக்கையோடு காரில் ஏறிப் போனதைத் தெருமுனையில் நின்று பார்த்தவன் அவன். இந்த அம்மாளை எப்படிக் கணக்கில் விட்டான்?

"இந்த இன்வெர்ட்டருக்கு ஃபேன் மாத்தற ஆளுதானே நீ?" இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

அவன் ஒரு கையில் பூட்டு, மறு கையில் கம்பி. கைவசம் வேறு பொய் இல்லை.

"ஆமாம்மா."

"அப்ப பூட்டைக் கீழ வச்சுட்டு ஸ்குரூடிரைவரை எடு."

சரியான வெகுளி, என்று நினைத்துக்கொண்டான். போன உயிர் பாதி திரும்பி வந்தது. கல்யாணமான நாளிலிருந்து மனைவியிடம் தான் ஓர் எலக்ட்ரீஷியன் என்றுதான் சொல்லி வைத்திருந்தான். இன்றைக்கு ஒருநாள் அது உண்மையாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே!

"ஸ்டூல் எங்கேம்மா இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? தேடிப் பாரு."

பாவம், ஞாபக மறதி போலிருக்கிறது. அவனே தேடி எடுத்து வந்தான். சோலார் சுவிட்சையும் மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு இன்வெர்ட்டர் மூடியில் கை வைக்கப் போனான்.

"இரு, இரு! அணைச்ச உடனே தொடாதே. உள்ள கரண்ட் தங்கியிருக்கும். வீடியோவுல பார்த்தேன். கொஞ்ச நேரம் போகட்டும்."

திருட வந்த இடத்தில் தன் உயிர்மேல் இவ்வளவு அக்கறை காட்டிய முதல் ஆள் இந்த அம்மாள்தான். பஞ்சுவுக்கு நெஞ்சு இளகியது.

"ரொம்பத் தொந்தரவாம்மா இந்தச் சத்தம்?"

"அதை ஏன் கேக்கறே? வெயில் ஏற ஏற இதுவும் ஏறும். என் வீட்டுக்காரர் 'சாப்பாடு போடேன்'னார். 'கூப்பாடு போடாதே'ன்னு என் காதுல விழுந்துச்சு. ரெண்டு நாள் நான் அடுப்பே பத்த வைக்கல."

"அப்பவே மாத்தச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லாமயா? இந்த வீட்டுல இருக்கறதுங்க காதுல எதுவும் ஏறினாத்தானே? 'எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே'ன்னு பதில் வருது."

பெற்ற பிள்ளைகளே இப்படியா என்று பஞ்சு மனதுக்குள் சபித்தான். மூடியைக் கழற்றினான். உள்ளே இரண்டு விசிறிகள், தூசி அப்பி, அச்சு தேய்ந்து, தொட்டாலே கடகடவென்று ஆடின. அலாரம் ஒயர்களைப் பிடுங்கிப் பழகிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? பிளக்கை உருவினான், பழசைக் கழற்றினான், பெட்டியிலிருந்த புதியதை வைத்தான்.

"தலைகீழா வைக்கறியே! ஓரத்துல அம்புக்குறி இருக்கு பாரு. காத்து வெளிய போகணும், உள்ள வரக்கூடாது. எவன்டா உனக்கு வேலை கத்துக்கொடுத்தான்?"

"ஜெயி... ஜெயிச்ச கம்பெனிம்மா, பெரிய கம்பெனி," என்று உளறிவிட்டு, அவசரமாகத் திருப்பி வைத்தான்.

மூடியை முடுக்கிச் சுவிட்சைப் போட்டான். விளக்கு எரிந்தது. விசிறிகள் சுற்றின. சத்தம் மட்டும் இல்லை. எங்கோ ஒரு குழாய் சொட்டுவது கேட்டது. தெருவில் யாரோ தும்மியது கேட்டது. அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கன்னத்தில் நீர் வழிந்தது.

இப்படி ஒரு வீட்டில் திருட எவனுக்கு மனசு வரும்? வெறுங்கையோடு போவது என்று பஞ்சு முடிவு செய்தான்.

"அப்ப நான் வர்றேம்மா. நீங்க உள்ள தாப்பா போட்டுக்குங்க."

"நான் எதுக்கு உள்ள இருக்கணும்?" பழைய விசிறிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு அவனுக்கு முன்னால் வெளியே வந்தாள். "வேற எதையும் தொடலையே? ஏதாவது காணோம்னா போலீஸ் வந்து குடையும். பூட்டை எப்படித் திறந்தியோ, அதே மாதிரி பூட்டிடு."

கம்பியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றுவிட்டது. "அம்மா... இது உங்க வீடு இல்லையா?"

"என் வீடு அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம். எவனாவது ஒரு திருடன் வந்து இந்தக் கதவைத் திறக்க மாட்டானான்னு, ஃபேனை வாங்கி வச்சுக்கிட்டு, போன கோடையிலேருந்து ஜன்னல்லயே உக்காந்திருக்கேன்!"