கோட்டுக்கு இந்தப் பக்கம்

திரையில் படகு ஒரு பச்சைப் புள்ளி. எல்லை ஒரு சிவப்புக் கோடு.

இடையே நானூற்றுப் பத்து மீட்டர்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நானூறு ஆனது.

காலையிலேயே இன்ஜின் நின்றுவிட்டது. நங்கூரம் ஒரு மணி நேரம் பிடித்தது. பிறகு கயிறு அறுந்தது. போனில் சிக்னல் இல்லை. இருந்த ஒரே துடுப்பை அவன் மாமனார் சவரியான் வலித்துக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு வயது.

போன வருடம் பனிமூட்டத்தில் திசை தெரியாமல் அந்தப் பக்கம் போய், ஐந்து மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். மறுபடி பிடிபட்டால் ஆண்டுக்கணக்கில் என்று சொல்லித்தான் விட்டார்கள்.

அதற்காகவே அவன் இந்தக் கருவியைச் செய்தான். கரையில் போன் பழுது பார்க்கிறவன். ஆள் குறைந்த நாட்களில் மாமனாரோடு கடலுக்கும் வருவான். உள்ளங்கை அளவில் ஒரு கணினிப் பலகை, ஜிபிஎஸ் சில்லு, சின்னத் திரை. எல்லாம் ஒரு சோற்று டப்பாவுக்குள். வெளியே பைக் பேட்டரி. ஆறு வாரம் உட்கார்ந்து செய்தான். கோடு நெருங்கினால் கத்தும்.

மூன்று மாதத்தில் ஒரு தடவைகூடத் தப்பாகக் காட்டியதில்லை.

முந்நூறில் கத்தத் தொடங்கியது.

"அத நிப்பாட்டுங்க மாப்ள. நீவாட்டுக்குக் காது கேக்கவா போவுது."

நிறுத்தினான். துடுப்பை வாங்கி அவன் வலித்தான். நீவாடு, அந்த நீரோட்டம், அடியிலிருந்து இழுத்தது. உள்ளங்கைத் தோல் கிழிந்தது. எண் இப்போது மெதுவாகக் குறைந்தது.

நிற்கவில்லை.

நூறு.

நாற்பது.

கோடு புள்ளிக்கு அடியில் புகுந்து பின்னால் போனது. கடலில் எதுவும் மாறவில்லை. அதே வெயில். அதே தண்ணீர்.

தூரத்தில் சாம்பல் நிறப் படகு ஒன்று இவர்களை நோக்கித் திரும்பியது.

சவரியான் டப்பாவைப் பார்த்தார். வயர்கள். ஏரியல். மினுக்கும் விளக்கு.

"இதப் பாத்தா அவுங்க என்னன்னு நெனப்பாங்க?"

இன்ஜின் நின்ற நேரம், இழுபட்டு வந்த வழி, எல்லாம் அதற்குள் பதிவாகியிருந்தது. வேண்டுமென்றே வரவில்லை என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

திறந்து காட்டும்வரை சுடாமல் பொறுப்பார்களா?

அவன் பேட்டரியைக் கழற்றினான். டப்பாவைத் தண்ணீரில் போட்டான்.

அது மிதந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் புகாதபடி அடைத்திருந்தான்.

எட்டி எடுத்து, மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்து, மறுபடி போட்டான். இந்தத் தடவை போய்விட்டது.

சாம்பல் படகு பக்கத்தில் வந்து நின்றது. துப்பாக்கி வைத்திருந்தவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது.

"எங்க வந்தது, தெரியாதா?"

சவரியான் திரும்பினார். மருமகனைப் பார்த்தார்.

அவன் இரண்டு கைகளையும் தூக்கினான்.

"தெரியாதுங்க" என்றான்.