திட்டிவாசல்

பழைய கோட்டை ஊரைச் சுற்றிக் காட்ட மில்லிலிருந்து எங்களைப் பஸ்ஸில் அழைத்துப் போயிருந்தார்கள். பவுனக்கா என் இடுப்பு உயரம்தான் இருப்பாள். "நீ எதுக்கு நடந்து கஷ்டப்படுற? பஸ்ஸுலயே இருந்து பையெல்லாம் பாத்துக்க" என்றார் சூப்பர்வைசர் சண்முகவேல். "நானும் கோட்டை பாக்கத்தான் சார் வந்தேன்" என்று சொல்லி அவள் எல்லோருக்கும் முன்னால் இறங்கி நடந்தாள். யானை நுழையும் பெரிய கதவு மூடியிருந்தது. அதில் வெட்டியிருந்த சிறிய திட்டிவாசலைத் தொட்டுக் காட்டி கைடு சொன்னார்: "ராஜா ஊருக்குள்ள யாரும் நிமிர்ந்து போகக் கூடாதுன்னுதான் இவ்வளவு சின்னதா வச்சாங்க. ஜெயிச்சு வந்தவனும் குனிஞ்சுதான் நுழைஞ்சான்." பவுனக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நிமிர்ந்த தலையோடு உள்ளே போனாள். கொண்டையில் இருந்த கனகாம்பரம்கூட மேலே உரசவில்லை. உள்ளே போனவள் திரும்பி, வாசலுக்கு நேரே இடுப்பில் கை வைத்து நின்றாள். நாங்கள் ஒவ்வொருவராகக் குனிந்து போய் அவள் முன்னால் நிமிர்ந்தோம். கடைசியாக, ஆறடிச் சண்முகவேல் உடம்பை இரண்டாக மடித்துத் தலையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் குனிங்க சார்" என்றாள் பவுனக்கா.