தெளியும் நேரம்

மயக்கம் முழுதும் தெளியாமல் எழுந்தால் குதிரை விழுந்து கால் முறியும். அறுவை சிகிச்சைக்கு, சீக்கிரம் தெளிந்து அவசரமாக எழ வைக்கும் மருந்தா, மெதுவாகத் தெளிந்து நிதானமாக எழ வைத்தாலும் இதயத்தைத் தளர்த்தும் மருந்தா என்று இரண்டு டாக்டர்கள் வாதாடிவிட்டு, குதிரையை வளர்க்கும் பாஷாவிடம் கேட்டார்கள்.

“இவ எப்படி, பாய்?”

“பொறுமையே கிடையாது டாக்டர். என் குரல் கேட்டா தூக்கத்துலயே எழுந்து நிப்பா.”

“அப்ப மெதுவான மருந்துதான். எழுந்ததும் பிடிக்க நீங்க உள்ள இருக்கணும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க.”

அறுவை சிகிச்சை முடிந்தது. குதிரையைக் கிடத்தியிருந்த, மெத்தை பதித்த அறையில் பாஷா வாயைப் பொத்தி நின்றார். இன்னும் அரைமணி அது படுத்திருக்க வேண்டும். மூடிய கண்களுக்கு மேலே ஒரு காது அசைந்தது. கதவுப் பக்கம் திரும்பியது, சுவர்ப் பக்கம் திரும்பியது, அவர் பக்கம் வந்து நின்றது. அவர் மூச்சை அடக்கினார். குதிரை எழுவதற்கு முன்னங்கால்களை நீட்டி ஊன்றியது.