சின்ன அறை வால்வு

“இந்த வால்வை மறுபடியும் திறந்தது யாரு?”

பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே தலையை விட்டபடியே தே-சிக் கத்தினார்.

“வீட்டுல இருக்கறது நாம ரெண்டு பேரு. நீங்க திறக்கலைன்னா நான்தான்” என்றாள் ஓக்-பூன், முள்ளங்கி நறுக்குவதை நிறுத்தாமல்.

கேஸ் பாய்லரில் சூடாகும் தண்ணீர் ஒவ்வோர் அறையின் தரைக்கடியிலும் குழாயில் ஓடி அறையைச் சூடாக்கும். அறைக்கு ஒரு வால்வு. மகள் கல்யாணமாகிப் பூசான் நகரத்துக்குப் போன பிறகு சின்ன அறையில் ஆளே கிடையாது. அவர் மூடிவிட்டு வெளியே போவதும், திரும்பி வந்து பார்த்தால் அது திறந்திருப்பதும் பத்து நாளாக நடக்கிற கூத்து.

“ஆள் இல்லாத ரூமுக்கு என்னத்துக்குடி சூடு? அங்க இருக்கற கிம்ச்சி ஊறுகாய் ஜாடிக்குக் குளிருதாமா?”

“பூட்டியே கிடந்தா சுவத்துல பூசணம் பிடிக்குங்க.”

“பூசணத்தைத் துடைச்சுக்கலாம். கேஸ் பில்லைத் துடைக்க முடியுமா? கணக்குத் தெரியாதவளைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு!”

பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன மனுஷர் அவர். போன மாத கேஸ் பில் வந்ததிலிருந்து ஒரே பிடிவாதம். இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அதைப் பாதியாக்காமல் விடுவதில்லை. சலூன்காரர் குளிர்காய வைத்திருந்த மண்ணெண்ணெய் அடுப்பை விசாரித்தார். விலை மலிவுதான், கூடவே தலைவலி இலவசம். நண்பர் சில்-பொக் வீட்டில் மரத்தூள் கட்டிகளை எரிக்கும் அடுப்பு. அதற்குப் புகைக்குழாய் வைக்கும் செலவில் இன்னும் இரண்டு குளிர்காலத்தை கேஸிலேயே ஓட்டிவிடலாம்.

கடைசியில் பார்த்தால் விடை அவர் தலைக்கு மேலேயே இருந்தது.

மொட்டைமாடி அறையில் வாடகைக்கு இருக்கும் யூன்-ஜா. ராத்திரி முழுக்க டோஃபு என்கிற சோயாக்கட்டி செய்யும் ஆலையில் வேலை, பகலெல்லாம் தூக்கம். அவளுடைய கரண்ட் மீட்டர் நகர்ந்த மாதிரியே தெரியவில்லை.

“குளிருக்கு என்னம்மா பண்றே?” என்று போய்க் கேட்டார்.

“கரண்ட்ல சூடாகற பாய் வெச்சிருக்கேன் அண்ணே” என்றாள் அவள், கதவைப் பார்த்துக்கொண்டு.

அவ்வளவுதான். கீழே வந்து முழங்கினார். “அவகிட்ட கத்துக்க! ஒரே ஒரு கரண்ட் பாய். கேஸும் இல்ல, குழாயும் இல்ல. நாமளும் அதையே வாங்கிட்டு பாய்லரை நிறுத்திடறோம். அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்.”

சின்ன அறை வால்வை மூடி, அதன் கைப்பிடியையே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஓக்-பூனின் கத்தி நின்றது.

“என்னங்க, வேணாம். கூடத்தை வேணா மூடுங்க. நான் ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கறேன்.”

“ஆள் இருக்கற இடத்தை மூடிட்டு, ஆள் இல்லாத இடத்தைக் காய்ச்சணுமா? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?”

அன்று சாயங்காலமும் மறுநாளும் கைப்பிடியைக் கேட்டுப் பார்த்தாள். அவர் சட்டைப்பையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலையில், வேலை முடிந்து வரும்போது தினமும் சுடச்சுட டோஃபு கொண்டுவந்து தரும் யூன்-ஜா வரவில்லை. மாடியில் ஒரே இருமல். கரண்ட் பாய் எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்க, தே-சிக்கே படியேறினார்.

யூன்-ஜா கோட்டும் குல்லாயுமாகப் போர்வைக்குள் சுருண்டிருந்தாள். வாயைத் திறந்தால் ஆவி பறந்தது.

“என்னம்மா இது! பாய் போடலையா?”

“அது போன குளிர்லயே பொசுங்கிடுச்சு அண்ணே. நீங்க கேட்டப்ப சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

“அப்புறம் எப்படி இத்தனை நாள் இருந்தே?”

“புதுசு வாங்கணும்னுதான் இருந்தேன். ஆனா இந்த ரூம் நல்ல ரூம். நான் தூங்கற நேரத்துக்குத் தரை தானாவே வெதுவெதுன்னு ஆயிடும். அதுவே போதும்னு விட்டுட்டேன். ரெண்டு நாளா என்ன ஆச்சோ, ஐஸாக் கிடக்கு.”

தே-சிக் குனிந்து தரையில் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

அந்த அறையை ஆள் வைத்துக் கட்டியது அவர்தான். குழாய் பதித்தால் செலவு என்று வெறும் சிமெண்டோடு விட்டதும் அவர்தான். அதற்கு நேர் கீழே எந்த அறை இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மெதுவாக இறங்கி வந்தார். அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது, மாடிக்குக் கொண்டுபோக.

“முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“சொன்னா வாடகையில ஏத்தியிருப்பீங்க” என்றாள் ஓக்-பூன்.

மறுத்துப் பேச வாயெடுத்தார். ஏற்றித்தான் இருப்பார். அதுதான் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலை ஓக்-பூன் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கைப்பிடி பழைய இடத்துக்கு வந்திருந்தது. வால்வு முழுக்கத் திறந்திருந்தது. இனி யார் நினைத்தாலும் மூட முடியாதபடி கம்பியால் இறுக்கி முறுக்கியும் இருந்தது.

“என்னங்க, இதை இப்படிக் கட்டி வெச்சது யாரு?”

கூடத்திலிருந்து ஒரு கனைப்பு வந்தது.

“எவனோ கணக்குத் தெரியாதவன்” என்றார் தே-சிக்.