ஆணியில் மாட்டிய பெல்ட்

யுத்தகாலம்; பெட்ரோலுக்கு ரேஷன். திருமயத்துப் பட்டறையில் நின்ற டிரைவர் திருப்பதியின் பழைய வாடகைக் காரில் ஃபேன் பெல்ட் ஓயாமல் கிறீச்சிட்டது.

“கோட்டைப் பைரவருக்கு ஒரு தேங்காய் ஒடச்சிருவோம்ப்பா,” என்றார் அவர்.

“பெல்ட்டு தொய்ஞ்சு கெடக்கு. அதுக்கு எதுக்குங்க தேங்காய்?” என்றான் மெக்கானிக் நாகராசு.

டைனமோவை நகர்த்தி பெல்ட்டை இறுக்கினான். சத்தம் ஓயவில்லை. பெல்ட்டைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு இஞ்சினை ஓடவிட்டான். இப்போது சத்தம் சுவரிலிருந்து வந்தது. ஆணியில் பெல்ட் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

இஞ்சினை அணைத்தான். பெல்ட் நிற்கவில்லை.

திருப்பதி தேங்காய் வாங்க ஓடினார். நாகராசு பெல்ட்டை எட்டிப் பிடித்தான். உள்ளங்கை தீய்ந்தும் விடவில்லை.

“சுவத்துல என்ன சுத்து? வண்டியில வந்து சுத்து,” என்று மறுபடி காரில் மாட்டினான்.

அணைத்த காரில் ஃபேன் சுழன்றது; கூடவே இஞ்சினும் சுற்றியது. தேங்காயோடு வந்தவரைப் பார்த்து, “ஏறுங்க. பெட்ரோல் இல்லாம எம்புட்டுத் தூரம் போகுதுன்னு பாத்துருவோம்,” என்றான்.