ஜெர்மன் மொழியில் புத்தகம்

பதினோரு வருடம் காசநோய் வார்டில் வேலை பார்த்த நர்ஸ் பெர்பெத்துவா, வெளிநாட்டு வேலைக்காக ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பேச்சுத் தேர்வு. தொண்டையின் அடியிலிருந்து எழ வேண்டிய ஓர் ஒலி மட்டும் அவளுக்கு வரவேயில்லை.

"புத்தகத்துக்கு 'பூஹ்'. நீங்க 'பூக்'குங்கிறீங்க சிஸ்டர். சளியக் காறுவோம்ல, அப்படி இழுங்க," என்றார் ஆசிரியர் கௌசிக்.

நோயாளிகள் காறும்போதெல்லாம் கிண்ணத்தை ஏந்தியபடி முகத்தைத் திருப்பிக்கொண்டவள் அவள்.

"வேற மாதிரி சொல்ல முடியாதா சார்?"

"அங்க எல்லாரும் இப்படித்தாம்மா பேசுறாங்க."

கண்ணை மூடினாள். பதினேழாம் படுக்கை முத்தையா நினைவுக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் காறி முடித்ததும் "மன்னிச்சுக்க தாயி" என்பார். அவள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. முதுகு வளைய, விலா விரிய அவர் காறுவதை அப்படியே தன் தொண்டைக்குள் கொண்டுவந்து இழுத்தாள்.

வகுப்பே கைதட்டியது. "இதேதான் சிஸ்டர்! இன்னொரு தடவ சொல்லுங்க."

வாய் நிறைய எச்சில் ஊறியிருந்தது. விழுங்கவும் முடியாமல், அத்தனை பேர் முன்னால் துப்பவும் முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.