பிறை கண்டவர்

கனகரெத்தினம் மாஸ்டர் வீட்டு முன்னறையில் அந்த நீளப் பெட்டி இன்னும் திறக்கப்படாமலே கிடந்தது.

பக்கத்து வளவு வயற் சொந்தக்காரர் ஸைனுலாப்தீன் போடியார், பின்னேரம் அஸர் தொழுத கையோடு வந்து குந்தியவர். இப்போது வெயில் வேலியைத் தாண்டிவிட்டது.

பெட்டியைச் சுற்றிச் சிவப்புத் தாள். தாள் முழுக்க ஒரே தாடிக்காரக் கிழவன் சிரித்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்கப் போடியாருக்குக் குமட்டியது.

உள்ளே இருப்பது தொலைநோக்கி. விஞ்ஞானம் படிக்கிற மகள் எஸ்தருக்குக் கிறிஸ்து பிறந்த நத்தாருக்குப் பரிசாகக் கொடுக்க மாஸ்டர் கொழும்புக்கே போய் வாங்கி வந்தது. வேலிக்கு மேலால் எட்டி மூன்று தரம் சொல்லிவிட்டார். சந்திரன் பார்க்க வரும்படி அழைத்ததும் அவர்தான்.

பெட்டிக்குள் என்ன என்று மகளுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். ஆனாலும் மாஸ்டரின் பெரிய மச்சான் மட்டக்களப்பிலிருந்து வந்து ஜெபம் சொல்லாமல் இந்த வீட்டில் எந்தப் பரிசும் பிரிபடாதாம். பெரிய மச்சான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். வந்துகொண்டேயிருந்தார்.

"மாஸ்டர், பெட்டியத் துறந்தாத்தான் என்ன?"

"பொறுங்க போடியார். பண்டிகைக்கு ஒரு முறை இரிக்கில்லயா?"

முறையாம், மண்ணாங்கட்டி.

கேக் வந்தது. வாயருகே கொண்டுபோனவர் பிரண்டிச் சாராய வாடை அடிக்கவும் பீரிசுத் தட்டிலேயே வைத்துவிட்டார். எதிரில் இருந்த விருந்தாளிகள் விரலை நக்கி நக்கித் தின்றார்கள். சீ, மனிசர் தின்கிற தீனா இது என்று நினைத்தார். கால் மட்டும் எழும்ப மறுத்தது.

எழும்பவும் முடியாது. பத்து நாள் அடைமழைக்குப் பிறகு இன்றுதான் வானம் வெளுத்திருக்கிறது. மூன்றாம் பிறை வயல் பக்கம் கொஞ்ச நேரம்தான் நிற்கும், விழுந்துவிடும்.

இந்த எண்பத்து நாலாம் ஆண்டு நோன்பின் இருபத்தொன்பதாம் நாள், வயல் வரம்பில் நின்று பெருநாள் பிறை கண்டதாகப் பள்ளிவாசலில் சாட்சி சொன்னவர் அவர். அவருடைய வயற்காரன் ஆதம்பாவாவும் கண்டதாகச் சொன்னான். போடியார் கண்டால் ஆதம்பாவாவும் காண்பான், அது வேறு கதை. அந்தச் சொல்லை நம்பி ஊரில் பாதி மறுநாள் பெருநாள் எடுத்தது. மற்றப் பள்ளிக்காரர்கள் ஏற்காமல் முப்பதாவது நோன்பையும் பிடித்தார்கள்.

அந்தப் பள்ளிக் கச்சிமுகம்மது சந்தியில் நின்று, போடியார் கண்டது பிறையில்லை, பறந்துபோன கொக்கு என்று சொல்லிச் சிரித்தான். வெற்றிலைக் காவி படிந்த அந்தப் பல்லை நினைத்தாலே இவருக்கு அருவருத்தது.

கச்சிமுகம்மதின் பல்லோடு போனால் பரவாயில்லை. கண்டது பிறையில்லையென்றால், நோன்பு நாளில் அத்தனை பேரும் நெய்ச்சோறு தின்ற பாவம் யார் கழுத்தில்? ஆறு மாதமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நோன்புக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அதற்குத்தான் இந்தக் காத்திருப்பு. முதலில் வெறுங்கண்ணால் பிறையைப் பார்த்துக் கொம்பும் பருமனும் மனதில் வைத்துக்கொள்வது. பிறகு தொலைநோக்கியால் பார்ப்பது. இரண்டும் ஒத்துப்போனால் கண்ணில் பழுதில்லை. அன்றைக்குக் கண்டதும் பிறையேதான்.

பொழுது பட்டு மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. அதற்கும் எழும்பாமல் அடுத்தவன் வீட்டுக் கதிரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் தன்னை நினைக்க, அந்தக் கேக்கைவிடத் தானே நாறுவதாகப் பட்டது.

ஒரு வழியாகப் பெரிய மச்சான் வந்து சேர்ந்தார். ஆற அமரக் கால் கழுவினார். ஜெபத்தில் சொந்தக்காரர் ஒருவர்கூட விடுபடவில்லை. பிறகு மாஸ்டரின் மனைவி, தாள் கிழியாமல் ஒட்டுக்களை நகத்தால் கிளப்பி, அடுத்த நத்தாருக்கென்று மடித்து வைத்தாள். போடியாருக்குப் பறித்துக் கிழித்தால் என்ன என்றிருந்தது.

முற்றத்தில் முக்காலி விரிந்தது. எஸ்தர் குழாயை வயல் பக்கம் திருப்பி ஏதேதோ திருகினாள். தென்னோலைகளுக்கு அப்பால் ஏதோ வெளுப்பாகத் தெரிந்தது. பிறை என்றே போடியார் எண்ணிக்கொண்டார்.

"முதல்ல போடியார் பாக்கட்டும். பெருநாப் பிறை கண்ட மனிசன் அவர்தானே!" என்றார் மாஸ்டர், எல்லோருக்கும் கேட்க.

கேக் தின்ற கூட்டம் சூழ்ந்துகொண்டது.

போடியார் குனிந்து வலக் கண்ணைக் குழாயில் வைத்தார். உள்ளே இருட்டு. கண்ணைக் கொட்டிவிட்டு மறுபடி பார்த்தார். இருட்டுத்தான். முதுகுக்குப் பின்னால் அத்தனை பேரும் வாய் பார்த்து நின்றார்கள்.

"தெரியுதா, மாமா?" என்று எஸ்தர் கேட்டாள்.

"ஓம் புள்ள, வடிவாத் தெரியுது. நூல் மாதிரி மெல்லிசு. கொம்பு ரெண்டும் மேல பாத்துக்கிட்டு இரிக்கி."

கூட்டம் ஆவென்றது. மாஸ்டர் கை தட்டினார்.

எஸ்தர் தட்டவில்லை. குழாயின் மறுமுனைக்குப் போனாள். போடியாரின் இடக் கண் ஓரத்தால் அவளைப் பார்த்தது. அந்த முனையில் இன்னும் மாட்டியிருந்த கறுப்பு மூடியை அவள் சத்தமில்லாமல் கழற்றி, ஒருவரும் காணாதபடி உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

வலக் கண்ணுக்குள் வெளிச்சம் வந்து விழுந்தது.

ஆறு மாதமாக அவர் சந்தேகப்பட்டதெல்லாம் கண்ணைத்தான், நாக்கையில்லை.